இடுப்பு உயரத்தில் ஒரு திண்டு

தண்ணீர்க் குழாய் ஒன்றை நான் வரைந்தேன். வெறும் குழாய் மட்டும் இல்லை. சிமிட்டித் தூண், அதிலிருந்து நீளும் பித்தளை வாய், கீழே தளம், தளத்தைச் சுற்றி ஒரு கரை, சிந்துகிற நீர் ஓட ஒரு வாய்க்கால், எல்லாம் சேர்த்து ஒரு முழுப் படம். அதை வரைந்து முடித்த நாள்வரை ஒரு குடம் தண்ணீரை நான் பிடித்துச் சுமந்தது கிடையாது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்தச் சொலவடையை நானே நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். சொலவடை என்றால் எனக்கு வெற்றிலை போடுகிற மாதிரி, எப்போதும் வாயில் ஒன்று இருக்க வேண்டும். வாயில் இருப்பதெல்லாம் புத்திக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறதா என்ன?

பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஆற்றுப் பக்கம் பத்து வாசல் உள்ள ஒரு வரிசை வீட்டில் கடைசி வாசலில் நான் குடியிருந்தேன். பலகைச் சுவர், தகரக் கூரை. மற்ற ஒன்பது வாசல்களிலும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் மாட்டுவண்டி ஓட்டுகிறவர்களும் குடும்பத்தோடு இருந்தார்கள். நான் தனிக்கட்டை. டவுனில் ஒரு கட்டட வேலை ஆபீசில் படியெடுக்கிற வேலை எனக்கு. துரைமார் காகிதத்தில் வரைந்து கொடுப்பதன் மேல் பளபளவென்ற டிரேசிங் துணியை விரித்து, கோடு பிசகாமல் கறுப்பு மையால் இழுக்க வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தைச் சூலியா தெருக் கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்றேன். படத்தைப் படத்தின் மேலேயே கற்றேன். வரிசை வீட்டில் எனக்குப் பெயர் ‘கிராணித் தம்பி’. கிராணி என்றால் ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய ஆள். நான் அது இல்லை என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

அடுத்த வாசலில் ஒரு புருஷன் பெண்சாதி. அண்ணன் தொங்கானில் வேலை செய்தார். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்குக் கொண்டுவரும் பெரிய படகுக்கு அங்கே தொங்கான் என்று பெயர். விடியுமுன் போனால் விளக்கு வைக்கிற நேரத்தில் வருவார். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். ஊருக்கு அவர்கள் போடுகிற கடிதங்களை நான் எழுதிக் கொடுப்பேன். அதற்குப் பதிலாக அக்கா தினம் எனக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து என் வாசலில் வைப்பாள். தனிக்கட்டை ஆண்பிள்ளை குடத்தோடு பெண்கள் நடுவில் போய் நிற்பதாவது. தாகத்தில் நாக்கு வறண்டாலும் எங்கள் ஆட்கள் அதைச் செய்யமாட்டார்கள். குளிக்கப் போவார்கள், குடிக்க எடுக்கப் போகமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் தண்ணீருக்குப் பாலத்தடிக்குப் போக வேண்டும். போக வரக் கால் மணி நேரம். பழைய செங்கல் சுவர் ஒன்றிலிருந்து அந்தக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். சுவர் பாதி இடிந்து, குழாய்க்கு நேர் கீழே ஒரு மேடு மாதிரி நின்றது. அந்த மேட்டைப் பற்றி யாரும் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் அதைப் பார்த்ததில்லை. தூரமாக இருக்கிறது, வரிசை வீட்டு முனையிலேயே ஒன்று வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உத்தரவு வந்தது. படம் எங்கள் ஆபீசுக்கு வந்தது. என் வீட்டுப் பக்கம் என்று தெரிந்து, பெரிய டிராப்ட்ஸ்மேன் அதை என்னிடமே கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடி, மடித்த சால்வை, கடுமையான ஆள் என்று பெயர். “உம்மட இடம்தானே, நீரே வடிவாய்ச் செய்யும்” என்றார். படி எடுக்கிறவனுக்கு முதல் முதலாகச் சொந்தப் படம். அன்று நான் ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்தேன்.

சீமையிலிருந்து வந்த மாதிரிப் படம் ஒன்றைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். அதில் குழாயின் கீழே ஒரு வாளி போட்டிருந்தது. வாளிக்குக் கைப்பிடி உண்டு; தளத்தில் வைத்து நிரப்பி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குடம் வரைந்தேன். கழுத்து, விளிம்பு, வயிற்று வளைவு எல்லாம் காம்பஸ் வைத்து. நம் ஊர் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்கா அப்போது ஆறு மாதம். அது ஐந்தாவது. முந்தின நாலும் தங்கவில்லை. இரண்டு பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே போயிற்று, ஒன்று ஐந்தில், கடைசியாக வந்தது ஏழில். இந்த முறை யாரிடமும் சொல்லாமல் சேலையை அகலமாகப் போர்த்திக்கொண்டு நடமாடினாள். வரிசை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அதைப் பற்றி மட்டும் எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இந்தப் பிள்ளை தங்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் அவளுக்கு.

படத்தின் பென்சில் நகலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் விரித்துக் காட்டினேன். பெண்கள் நாலைந்து பேர் குனிந்து பார்த்தார்கள்.

“குடம் நல்லா இருக்கு தம்பி, எடுத்துக்கிட்டுப் போயிறலாம் போல” என்றாள் ஒருத்தி.

அக்கா மட்டும் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தாள். “குடத்தை எங்க வெச்சிருக்கே?”

“தளத்துல.”

“தளத்துல வெச்சா நெரம்பும். சரி. தூக்குறது எப்படி?”

“தூக்குறதுதான்.”

பெண்கள் சிரித்தார்கள். “தூக்குறதுதானாம்லா” என்று ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் இடித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் கீழே கையைத் தட்டையாக வைத்துக் காட்டினாள். “இந்தா, இந்த உசரத்துக்கு ஒரு திண்டு கட்டச் சொல்லு. கொழாய இன்னும் ஒசத்து. குடம் திண்டு மேலயே நெரம்பணும். நெரம்புனதும் அப்படியே இடுப்புக்கு இழுத்துக்கிட்டுப் போயிறலாம். குனிய வேணாம், தரையிலேர்ந்து எம்பித் தூக்க வேணாம். பாலத்தடிக் கொழாயில அந்த இடிஞ்ச செவுரு இருக்கு பாரு, அதுதான் எங்களுக்குத் திண்டு. இங்க நீ ஒண்ணுமே வெக்கலியே.”

“வெச்சுடறேன்க்கா.”

“மறந்துறாதே. எனக்காகக் கேக்கலை, எல்லாருக்கும்தான்” என்றாள். அவளுக்காகவும்தான் கேட்டாள். அது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆபீசில் மையால் இழுக்கும்போது திண்டையும் சேர்த்து இழுத்தேன். குழாயையும் உயர்த்தினேன். பெரிய டிராப்ட்ஸ்மேன் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் பின்னால் நின்றார். மாதிரிப் படத்தைப் பார்த்தார், என் துணியைப் பார்த்தார். திண்டின் மேல் விரலை வைத்தார்.

“உது என்ன, தம்பி?”

அவர் கேட்டது அவ்வளவுதான். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் குடத்தை இடுப்பில் தூக்குகிறவர்கள், அதற்கு ஒரு திண்டு வேண்டுமாம் ஐயா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சீமைத் துரை போட்ட படத்தை மூன்றாம் வகுப்புக்காரன் மாற்றியிருக்கிறான், யார் சொல்லி மாற்றினான் என்றால் பக்கத்து வீட்டுப் பொம்பிளை சொல்லி. இதை அந்த மேசைகளுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? எனக்குக் காது சுட்டது.

“ஒண்ணுமில்லைங்க ஐயா. பெசகிப் போச்சு. எடுத்துடறேன்.”

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

டிரேசிங் துணியில் மை காய்ந்துவிட்டால் ரப்பரால் போகாது. சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுரண்ட வேண்டும். சுரண்டின இடத்தில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தால்தான் அடுத்த மை பரவாது. இந்த வேலையில் ஆபீசிலேயே எனக்குத்தான் பேர். திண்டைச் சுரண்டிவிட்டு, குழாயைப் பழையபடி இறக்கிப் போட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அங்கே ஒன்று இருந்ததென்று யாராலும் சொல்ல முடியாது.

சாயங்காலம் அக்கா வாசலில் நின்று கேட்டாள். “சொன்னியா?”

“சொன்னேன்க்கா. துரை ஒத்துக்கலை.”

“அவனுக்கென்ன தெரியும்” என்றாள். “நீ சொன்னியே, அது போதும்.”

துரை அந்தப் படத்தைக் கண்ணாலேயே பார்க்கவில்லை.

குழாய் வந்தது. பாலத்தடிக் குழாயை அடைத்துவிட்டார்கள். முதல் வாரம் ஒரே கொண்டாட்டம், இத்தனை கிட்டத்தில் தண்ணீர் என்று. இரண்டாவது வாரம் பேச்சு ஆரம்பித்தது. குனிந்தால் தூண் நெற்றியில் இடிக்கிறது. சுற்றுக் கரையைத் தாண்டிக் கையை நீட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. தளம் வழுக்குகிறது. நான் ஆபீசுக்குப் போகிற வழியில் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற மாதிரி எனக்குச் சொன்னார்கள். “ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகுமா?” “வரைஞ்சவரையே வந்து தூக்கிவிடச் சொல்லு.” “அவரு எங்க தூக்குவாரு, பேனாவே கனமாம்.” நான் சிரித்துக்கொண்டே போவேன். ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் போவார்கள்; ஒருத்தி எம்ப, ஒருத்தி அடியில் கை கொடுத்து இடுப்பில் ஏற்றிவிடுவாள்.

அக்கா யாரோடும் சேர்ந்து போகமாட்டாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அவளுக்கு வேதம். நாலு போனதும் கண்ணால்தான் என்று நம்பினாள். வயிறு தெரிய ஆரம்பித்தபின், எல்லோரும் அடுப்படியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, பதினோரு மணி வெயிலில், ஆளில்லாத குழாயடிக்குத் தனியாகப் போய் வந்தாள். அண்ணன் விடியுமுன் தானே பிடித்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். “ஆம்பளை குடம் தூக்குனா ஊரு சிரிக்கும். சிரிப்பும் கண்ணுதான்” என்று தடுத்துவிட்டாள். இந்த ஏற்பாடெல்லாம் சீமைப் படத்துக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அடுத்த வாசலில் இருந்தேன்.

ஒரு நாள் நானும் சொன்னேன். “அக்கா, என் குடம் இனிமே வேணாம். நான் பாத்துக்கறேன்.”

“என்ன பாத்துக்குவே? காப்பிக்கடையில தண்ணி வாங்கிக் குடிப்பியா? போதும்லா, ஒரு குடத்துல நான் ஒடிஞ்சிற மாட்டேன்.”

நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது என் வாசலில் குடம் இருந்தது. முகம் கழுவிக் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

எட்டாம் மாதம் பிறந்து சில நாள் ஆகியிருக்கும். ஆபீஸ் விட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டி நடந்து, வழியில் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வரிசை வீட்டு முனையில் ஆளில்லை. குழாய்த் தளத்தில் ஒரு குடம் நின்றது. கழுத்தில் நெளிவு விழுந்த குடம். என்னுடையது. விளிம்புவரை தண்ணீர். சுற்றி ஒரு பொட்டுச் சிந்தவில்லை. அவளுடைய குடத்தை முதலில் வீட்டில் வைத்துவிட்டு, இரண்டாவது நடைக்கு என்னுடையதோடு வந்திருக்கிறாள். நிரப்பியிருக்கிறாள். குனிந்திருக்கிறாள். அதற்கு மேல் தூக்கவில்லை.

முதல் வாசல் பெண் சொன்னாள். தளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தாளாம். கூப்பிடக்கூட இல்லையாம். ரத்தத்தைப் பார்த்துத்தான் ஓடினார்களாம். மருத்துவச்சியை அழைத்து, அவள் கைவிரித்தபின், பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வண்டிக்காரர் ஒருவர் தன் மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அண்ணனுக்குத் துறைமுகத்துக்கு ஆள் போயிற்று. அவர் தொங்கானில் நடுக்கடலில் இருந்தார்.

அக்கா மறுநாள் காலையில் செத்துப்போனாள். பிள்ளை வெளியே வரவில்லை.

எல்லாம் முடிந்தபின் மருத்துவச்சி வாசலில் உட்கார்ந்து பொதுவாகச் சொன்னாள். “ஏற்கெனவே நாலு போன ஒடம்பு. குடம் தூக்காம இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். வராமயும் இருந்திருக்கலாம். யாரு கண்டா.” அந்த வார்த்தையின் முதல் பாதியை நான் பல நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாதி தானாகவே என்னைப் பிடித்துக்கொண்டது. வண்டிக்கார மலாய்க்காரரும் வந்திருந்தார். அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு, பார்க்கிற கண்ணுக்கே பாரம், சுமக்கிற தோளுக்கு இன்னும் பாரம் என்று. துக்கத்துக்குச் சொல்கிற ஆறுதல் அது. அண்ணனுக்காகத்தான் சொன்னார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தம்பி, நம்ம ஊருல சுமைதாங்கி பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் செத்தால் அவள் சுமையை இறக்காமலேயே போய்விட்டாள் என்று அர்த்தம். அவளுக்காக வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். போகிற வருகிறவர்கள் அதில் தங்கள் பாரத்தை இறக்கி வைத்துக் களைப்பாறுவார்கள். ஒவ்வொருவர் இறக்கும்போதும் அவளுடையது கொஞ்சம் இறங்குகிறது என்பார்கள். கல்லில் அவள் பெயர் இருக்கும்.

“அத இங்க வைக்கணும்” என்றார் அண்ணன். “அந்தக் கொழாயடியிலதான். அவ பேரு வெட்டி. ஆபீசுல படம் குடுத்தாத்தான் விடுவாங்கன்னு சொல்றாங்க. நீதான் எழுதணும்.”

“சரிண்ணே.”

“அவ சொன்னா. திண்டு வேணும்னு நீ கேட்டியாம், தொரை மாட்டேன்னுட்டானாம். நீ கேட்டதே பெரிசுன்னு சொல்லிக்கிட்டிருந்தா. இன்னொரு தடவை கேட்டுப் பாரு தம்பி. இப்ப ஒரு உசுரு போயிருக்குன்னு சொல்லு.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “சரிண்ணே” என்று மறுபடியும் சொன்னேன்.

என்ன உயரம் என்று அண்ணனைக் கேட்டேன். அவர் நெஞ்சளவு காட்டினார். அது தலைச்சுமைக்காரனுக்கான உயரம். அவரும் இடுப்பில் குடம் தூக்காதவர்தான். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் நின்றுகொண்டு குடத்துக்குத் திண்டு எவ்வளவு உயரம் என்று காற்றில் கையால் அளந்துகொண்டிருந்தோம்.

ஆகவே நான் என் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவள் போகிற அதே பதினோரு மணிக்கு. நிரப்பினேன். குனிந்தேன். ஈரக் குடத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை, கழுத்தைத் தவிர. கழுத்தைப் பிடித்து எம்பினால் அடிவயிறு இழுக்கிறது. அந்த இழுப்பு எங்கே போய் விழுகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து இடுப்புக்கு வீசினேன். குடம் இடுப்பில் நிற்காமல் வழுக்கித் தளத்தில் விழுந்தது. வேட்டியெல்லாம் தண்ணீர். சத்தம் கேட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

“இடுப்பு இருந்தாத்தானே தம்பி நிக்கும்” என்றாள் முதல் வாசல் பெண். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

நான் சுமைதாங்கி விஷயத்தைச் சொன்னேன். திண்டு எந்த உயரத்துக்கு வேண்டும் என்று கேட்டேன். ஆனால் எப்படி அளப்பது? பெண்கள் பக்கத்தில் போய் அடிக்கோலை வைக்க முடியுமா? முதல் வாசல் பெண்தான் வழி சொன்னாள். “நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு.” நான் சாலையைப் பார்த்து நின்றேன். ஒவ்வொருத்தியும் கையைத் தண்ணீரில் நனைத்து, தனக்கு வேண்டிய உயரத்தில் சிமிட்டித் தூணில் பதித்துவிட்டு நகர்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது தூணைச் சுற்றி எட்டு ஈரக் கைகள். வெயிலில் விரல் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. ஓடி ஓடி அளந்தேன். எல்லாம் மூன்று அங்குலத்துக்குள்தான் வித்தியாசம்.

“முன்னாடியே கேட்டிருந்தா” என்றாள் ஒருத்தி, யாரையும் பார்க்காமல், “இன்னொரு கையும் இருந்திருக்கும்.”

அக்கா அன்று என் வாசலில் நின்று கையைத் தட்டையாக வைத்துக் காட்டிய உயரம் எது என்று எவ்வளவோ யோசித்தேன். என் கதவு நிலையில் எந்த ஆணிக்கு நேராக, சுவரில் எந்தப் பலகைக்கு நேராக என்று. அப்போது நான் அவள் கையைப் பார்க்கவில்லை. என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வரைகிற பையன்கள் பிற்காலத்தில் என்னைக் கேட்டதுண்டு, ஒன்றை வரைய அதைச் செய்து பார்த்திருக்க வேண்டுமா என்று. நான் நிறைய வரைந்துவிட்டேன், மாட்டுக் கொட்டில், படித்துறை, பிணம் குளிப்பாட்டுகிற அறைகூட. எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டா வரைய முடியும்? குடத்தை நான் தூக்கிப் பார்த்துவிட்டேன். எட்டு மாதப் பிள்ளையோடு எப்படித் தூக்கிப் பார்ப்பேன்? அதற்கு வழி கிடையாது. ஆனால் தூக்கினவள் என் வாசலில் வந்து நின்று, கேட்காமலேயே, இந்த உயரம் என்று கைவைத்துச் சொன்னாள். என்னிடம் குறைந்திருந்தது அனுபவம் அல்ல. அந்தப் பையன்களிடம் இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. ‘போய்க் கேளு’ என்று மட்டும் சொல்வேன்.

திங்கட்கிழமை புதுப் படத்தைப் பெரிய டிராப்ட்ஸ்மேன் மேசையில் வைத்தேன். இந்த முறை வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பு, குடம், எட்டுக் கைகள், செத்துப்போன பெண், சுமைதாங்கி. பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றுவிட்டன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

“திண்டு கட்டலாம். அதில ஒண்டும் இல்லை. குழாயையும் உயர்த்தலாம்” என்றார். “கல்லில பேர் வெட்டேலாது, தம்பி. பொது வழியில ஒருத்தற்ற பேருக்கும் விடமாட்டினம். அதை எடுத்துப்போடும்.” அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். ஆறிப்போன தேத்தண்ணீரில் ஒரு மிடறு குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தார். “உதை ஏன் முந்தியே கேக்கேல்லை? அண்டைக்கு ஏதோ கிடந்ததே உம்மட படத்தில, நான் கேட்டனான்தானே?”

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன்.

பெயரை நானே பிளேடால் சுரண்டினேன்.

ஒரே வாரத்தில் கட்டிவிட்டார்கள். குழாய் உயர்ந்தது, அடியில் வழவழவென்று ஒரு திண்டு. முதல் நாளே பெண்கள் குடத்தை அதில் வைத்து நிரப்பி, அப்படியே இடுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கை மட்டும் போகிற போக்கில் திண்டைத் தொட்டு எடுக்கும். அது எங்கள் ஆட்கள் கும்பிடுகிற விதம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அக்காவின் குடத்தோடு வந்தார். அவள் போன பிறகு அவர்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார், எல்லோரும் பார்க்க, பெண்கள் நடுவில். ஒருத்தரும் சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திண்டின் முன்பக்கம், இரண்டு ஓரம், அடிப்பக்கம் எல்லாம் குனிந்து தேடினார்.

“பேரு எங்க?”

“பேருக்கு விடலைண்ணே.”

தலையாட்டினார். திண்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அதன் குளிர்ச்சியைப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். “பரவால்ல. இதாவது ஒத்துக்கிட்டானே. அன்னைக்கு மாட்டேன்னவன் இன்னைக்கு எப்படி ஒத்துக்கிட்டான்?”

அவர் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. நன்றி சொல்கிற மாதிரி சொன்னார். சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும், என்றைக்கும் போயிருக்கும்.

“அண்ணே, அன்னைக்கு யாரும் மாட்டேங்கலை. நான் கேக்கவே இல்லை.”

“அவகிட்ட சொன்னியே.”

“பொய் சொன்னேன். படத்துல போட்டேன். என்னன்னு கேட்டாங்க. வெக்கப்பட்டு நானே சொரண்டிட்டேன்.”

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். மூட்டை தூக்கின கை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார்.

“சாகற வரைக்கும் உனக்காகத் தொரையைத்தான் திட்டிக்கிட்டிருந்தா” என்றார்.

பிறகு குடத்தை எடுத்தார். திண்டின் மேல் வைக்கவில்லை. தளத்தில் இறக்கி வைத்தார். குழாயை உயர்த்திவிட்டதால் தண்ணீர் மேலிருந்து விழுந்து பாதி வெளியே சிதறியது. அது நிரம்புகிறவரை நின்றுகொண்டே இருந்தார். நிரம்பியதும் குனிந்து, கழுத்தைப் பிடித்து, தரையிலிருந்து ஒரே எம்பாக எம்பித் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.